மோட்டார் சைக்கிளின் மூக்கு

உங்கள் வீட்டில் மோட்டார் சைக்கிள் இருக்கிறதா? இல்லாவிட்டால் பக்கத்து வீட்டிலாவது இருக்கும். எஞ்சின் ஆறியிருக்கும்போது, வண்டிக்கு உரியவரைக் கேட்டுக்கொண்டு, பக்கவாட்டில் உள்ள மூடியைக் கழற்றிப் பாருங்கள். பல வண்டிகளில் அதற்குள் ஒரு பெட்டி தெரியும். அந்தப் பெட்டிக்குள் விசிறிபோல மடித்த காகிதமோ, பாத்திரம் தேய்க்கும் பஞ்சைப் போன்ற ஒரு நுரைப் பொருளோ இருக்கும். மெக்கானிக்குகள் இதை ‘ஏர் ஃபில்டர்’ என்பார்கள். நாம் காற்று வடிகட்டி என்று சொல்வோம். எஞ்சினுக்கு இதுதான் மூக்கு.

இந்த மூக்கை மாற்றலாமா என்பதுதான் இந்தக் கட்டுரையில் நாம் ஆராயப்போகும் கேள்வி. கேள்வி பிறந்த இடம் விருத்தாசலம் என்று வைத்துக்கொள்வோம். கடலூர் மாவட்டத்தில், மணிமுத்தா நதிக்கரையில் உள்ள ஊர் அது. பழமலைநாதர் கோயிலும் இரயில்வே சந்திப்பும் அந்த ஊரைப் பலருக்கும் அறிமுகப்படுத்தியிருக்கும். பீங்கான் தொழிலுக்கும் அது பெயர்பெற்ற ஊர். கார்த்திகைக்கு ஏற்றும் அகல் விளக்கு, கொலுவில் வைக்கும் பொம்மை, வீட்டு மின்சாரப் பலகையில் இருந்த வெள்ளை நிற ஃபியூஸ் என்று பலவும் அங்கே செய்யப்பட்டு வெளியூர்களுக்குப் போயிருக்கின்றன.

அந்த ஊரில் பீங்கான் பட்டறை ஒன்றுக்கு நாள்தோறும் 100 சி.சி. மோட்டார் சைக்கிளில் போய்வருகிறார் உங்கள் அண்ணன். நண்பர் ஒருவர் அவரிடம் ஆசையைக் கிளப்பிவிட்டார். கழுவிக் கழுவிப் பயன்படுத்தக்கூடிய வடிகட்டி ஒன்று உண்டாம், பந்தய வண்டிகளில் போடுவார்களாம், வாங்கினால் வண்டியின் ஆயுள் முழுவதற்கும் போதுமாம், வேகமும் கூடுமாம். விலைதான் சில ஆயிரம் ரூபாய். காகித வடிகட்டியோ சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அண்ணன் உங்களைக் கேட்கிறார்: “நீ சயின்ஸ் படிக்கிற பிள்ளைதானே? வாங்கலாமா, வேண்டாமா, சொல்லு!”

என்ன பதில் சொல்வீர்கள்? அவசரப்படாமல் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு லிட்டர் பெட்ரோலும் ஒரு நாள் மூச்சும்

பெட்ரோல் எரிவதற்குக் காற்று வேண்டும். ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறக்குறைய 14.7 கிராம் காற்று தேவை. ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை சுமார் 740 கிராம். எனவே அதற்கு வேண்டிய காற்று 740 × 14.7, அதாவது கிட்டத்தட்ட 10,900 கிராம். காற்றுக்கும் எடை உண்டு என்று படித்திருக்கிறீர்கள். நம் ஊர் வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று 1.15 கிலோகிராம் அளவில் இருக்கும். வகுத்துப் பாருங்கள். 9 கன மீட்டருக்குச் சற்று மேல் வரும். 3 மீட்டர் நீளமும் 3 மீட்டர் அகலமும் உள்ள ஓர் அறையில் உங்கள் இடுப்பளவு உயரத்துக்கு நிறைந்திருக்கும் காற்று அது. லிட்டரில் சொன்னால் 9,000 லிட்டர்.

ஒரு மனிதன் ஒரு நாள் முழுவதும் மூச்சில் இழுக்கும் காற்றும் ஏறக்குறைய இதே அளவுதான். உங்கள் அண்ணனின் வண்டி ஒரு லிட்டர் பெட்ரோலைச் செலவழிக்கும் ஒரு மணி நேரத்துக்குள், அண்ணன் ஒரு நாளில் சுவாசிக்கும் காற்றைச் சுவாசித்து முடித்துவிடுகிறது!

இந்தக் காற்றில் தூசி எவ்வளவு இருக்கும்? நம் நாட்டின் காற்றுத் தர விதிகளின்படி (2009), 10 மைக்ரானும் அதற்குக் குறைவான அளவும் கொண்ட தூசி, 24 மணி நேரச் சராசரியாக, ஒரு கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. இது ஊர்க் காற்றுக்கு உரிய கணக்கு. புழுதிச் சாலையில், மண் ஏற்றிப் போகும் லாரிக்குப் பின்னால் வண்டி ஓட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே நிலைமையே வேறு. எல்லாவற்றையும் சேர்த்துச் சராசரியாக ஒரு கன மீட்டரில் 1 மில்லிகிராம் தூசி என்று வைத்துக்கொள்வோம். அண்ணன் ஆண்டுக்கு 12,000 கி.மீ. ஓட்டுகிறார், லிட்டருக்கு 50 கி.மீ. கிடைக்கிறது என்றால், 240 லிட்டர் பெட்ரோல். அதற்கு 2,000 கன மீட்டருக்கு மேல் காற்று. அதில் ஏறக்குறைய 2 கிராம் தூசி.

இரண்டே கிராமா என்று நினைக்கிறீர்களா? அது எந்தப் பொருளின் தூசி என்பதைப் பார்த்துவிட்டு அப்புறம் சொல்லுங்கள்.

கத்தியைக் கீறும் தூசி

பீங்கான் மண்ணில் மூன்று பொருள்கள் கலக்கப்படுகின்றன. வெள்ளைக் களிமண் ஏறக்குறைய பாதி. மீதியில் குவார்ட்ஸ் ஒரு பங்கு, ஃபெல்ஸ்பார் ஒரு பங்கு. இது பொதுவான கணக்கு. செய்யும் பொருளைப் பொறுத்து அளவு மாறும்.

கனிமங்களின் கடினத் தன்மையை ஒப்பிட ஃபிரெடரிக் மோஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் 1812-இல் ஓர் அளவுகோலை வகுத்தார். எது எதைக் கீறும் என்பதே அதன் அடிப்படை. மிக மென்மையான டால்க் 1, வைரம் 10. இந்த அளவுகோலில் வெள்ளைக் களிமண்ணுக்கு 2 அல்லது 2.5 தான் கிடைக்கும், நகத்தாலேயே கீறிவிடலாம். ஃபெல்ஸ்பாருக்கு 6. குவார்ட்ஸுக்கு 7. பேனாக் கத்தியின் எஃகும் சன்னல் கண்ணாடியும் 5.5 என்ற அளவில் நிற்கின்றன. ஆகவே குவார்ட்ஸ் துகள் எஃகைக் கீறும். எஃகால் அதைக் கீற முடியாது.

களிமண்தான் மென்மையாயிற்றே என்று நிம்மதி அடையவும் வழியில்லை. 1,200 டிகிரி செல்சியசுக்கு மேல் சூளையில் வேகும்போது களிமண் தன் இயல்பை விட்டுவிடுகிறது. அதற்குள் முல்லைட் என்ற கடினமான ஊசிப் படிகங்கள் உண்டாகின்றன. உடைந்த பீங்கான் கோப்பையின் விளிம்பு கத்தியைக் கீறும் என்பதை வீட்டிலேயே காணலாம். கோப்பையின் அடியில் பூச்சு இல்லாத வளையத்தில் பாட்டி கத்தி தீட்டுவதைப் பார்த்திருப்பீர்களே, அதுவும் இதனால்தான்.

பீங்கான் ஊரில் இல்லாதவர்கள் தங்களுக்குக் கவலையில்லை என்று நினைத்துவிட வேண்டாம். ஆற்று மணலிலும் தெருப் புழுதியிலும் குவார்ட்ஸ் நிறைந்திருக்கிறது. உலகெங்கும் காற்று வடிகட்டிகளைச் சோதிக்கும் முறை ஐ.எஸ்.ஓ. 5011 எனப்படுகிறது. அதற்குப் பயன்படும் சோதனைத் தூசி, அமெரிக்காவின் அரிசோனா பாலைவன மண்ணிலிருந்து தயாராகிறது. அதில் சுமார் 70 சதவீதம் சிலிக்கா. நம் பீங்கான் கலவையைப் பகுத்தாலும் பெரும்பகுதி சிலிக்காவாகவே இருக்கும். சோதனைச்சாலையில் வடிகட்டியை வருத்துவதற்காகத் தேடிப் பிடித்த தூசிக்கு உறவான ஒன்றின் நடுவேதான் அண்ணன் தினமும் வண்டி ஓட்டுகிறார்.

எஞ்சினுக்குள் பிஸ்டன் மேலும் கீழும் ஓடுகிறது. பிஸ்டனில் மாட்டிய வளையங்களுக்கும் சிலிண்டர் சுவருக்கும் இடையே மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்று உண்டு. அதன் தடிமன் சில மைக்ரான்களே. (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. உங்கள் தலைமுடி 50 முதல் 80 மைக்ரான் வரை இருக்கும்.) படலத்தைவிட மிகச் சிறிய துகள் எண்ணெயில் மிதந்து போய்விடும். மிகப் பெரிய துகளை வடிகட்டி பிடித்துவிடும். 5 முதல் 20 மைக்ரான் வரை உள்ள துகள்தான் ஆபத்து. அது எண்ணெய்ப் படலத்தைக் கடந்து இரு பக்கமும் ஒரே நேரத்தில் உரசுகிறது. எண்ணெயும் கல்தூளும் சேர்ந்தால் என்ன கிடைக்கும்? பட்டறைகளில் வால்வைத் தேய்த்துப் பொருத்தப் பயன்படுத்தும் தேய்ப்புப் பசை கிடைக்கும்.

எனக்குத் தெரிந்த ஒருவர், “காற்று தாராளமாகப் போகட்டும்” என்று வடிகட்டியையே எடுத்துவிட்டு வண்டி ஓட்டினார். சில மாதம் வண்டி பறந்தது. பிறகு நீலப் புகை வந்தது. எண்ணெய் குறைந்துகொண்டே போனது. பட்டறையில் பிரித்தபோது சிலிண்டர் சுவரில் நெடுகக் கோடுகள். ‘ரீபோர்’ செய்து, பெரிய பிஸ்டன் போட்டார்கள். அதற்கென்று கால் மில்லிமீட்டர், அரை மில்லிமீட்டர் என்று படிப்படியாகப் பெரிதான பிஸ்டன்கள் விற்கின்றன. நாலைந்து படியோடு அந்த வசதியும் முடிந்துவிடும். அவருக்கு அன்று ஆன செலவில் பல ஆண்டுகளுக்கு வேண்டிய காகித வடிகட்டிகளை வாங்கியிருக்கலாம்.

சல்லடை அல்ல, காடு

இப்போது ஒரு நியாயமான கேள்வி எழும். வீட்டில் தண்ணீர் வடிகட்டும் பாத்திரத்தில் வெள்ளை நிறப் பீங்கான் மெழுகுவர்த்தி போன்ற ஒன்று இருக்கிறதே, ‘கேண்டில்’ என்பார்கள். அழுக்குப் படிந்தால் நாரால் தேய்த்துக் கழுவுகிறோம். மீண்டும் புதிதுபோல வேலை செய்கிறது. அதைப்போல ஒன்றை எஞ்சினுக்கும் வைத்தால் என்ன?

கேண்டிலின் துளைகள் அழுக்கைவிடச் சிறியவை. அதனால் அழுக்கு மேற்பரப்பிலேயே நின்றுவிடுகிறது, தேய்த்தால் போய்விடுகிறது. ஆனால் அதன் வழியாக ஒரு மணி நேரத்தில் சில லிட்டர் தண்ணீர் சொட்டினாலே பெரிது. எஞ்சினுக்கு ஒரு மணி நேரத்தில் ஆயிரக்கணக்கான லிட்டர் காற்று வேண்டும். அவ்வளவு நுண்ணிய துளைகளில் அவ்வளவு காற்றைச் செலுத்த வேண்டுமானால் வடிகட்டி வண்டியைவிடப் பெரிதாகிவிடும்!

எனவே காற்று வடிகட்டியில் துளைகள் பெரியவை. தான் பிடிக்க வேண்டிய பல துகள்களைவிடவும் பெரியவை. பின் எப்படிப் பிடிக்கிறது? வடிகட்டியைச் சல்லடையாக எண்ணாமல், அடர்ந்த முந்திரிக் காடாக எண்ணிக்கொள்ளுங்கள். நார்கள்தான் மரங்கள். காற்று மரங்களைச் சுற்றி வளைந்து வளைந்து போகிறது. பேருந்து திடீரென வளைவில் திரும்பும்போது நீங்கள் என்ன ஆகிறீர்கள்? நேராகப் போகவே உடல் விரும்புகிறது. பக்கத்தில் இருப்பவர்மேல் சாய்கிறீர்கள். நிலைமம் என்று படித்தது இதைத்தான். கனமான தூசித் துகளும் காற்றோடு சேர்ந்து வளையமாட்டாமல் நேராகச் சென்று நாரில் மோதுகிறது. சற்றுச் சிறிய துகள் காற்றோடு வளைந்தாலும், நாரை உரசிக்கொண்டு போகும்போது ஒட்டிக்கொள்கிறது. மிக மிகச் சிறியது காற்று மூலக்கூறுகளால் அங்கும் இங்கும் இடிபட்டுத் தள்ளாடி, ஏதாவதொரு நாரில் போய் விழுகிறது.

மோதினால் மட்டும் போதாது, ஒட்டவும் வேண்டும். நுரை வடிகட்டியிலும் பருத்தித் துணி வடிகட்டியிலும் எண்ணெய் தடவுவது இதற்காகவே. இந்த முறை யாருடைய கண்டுபிடிப்பு என்று தேட வேண்டாம். உங்கள் மூக்கைத் தொட்டுப் பாருங்கள். உள்ளே முடி, அதன்மேல் பசையான சளி. புழுதியில் விளையாடிவிட்டு வந்து மூக்கைச் சிந்தும்போது வருகிறதே கறுப்பாக, அது உங்கள் வடிகட்டி பிடித்த தூசி. சிந்துவதுதான் அதைக் கழுவும் முறை!

99-க்கும் 97-க்கும் நடுவே

கடையில் மூன்று வகை கிடைக்கும். மடித்த காகிதம் முதல் வகை. காகிதத்திலேயே இன்று பல வண்டிகளில் எண்ணெய் ஊட்டிய காகிதம் வருகிறது. இரண்டாவது, எண்ணெய் தடவிய நுரை. மூன்றாவதுதான் அண்ணன் ஆசைப்படுவது: கம்பி வலைக்கு நடுவே பல அடுக்குப் பருத்தித் துணியை மடித்து வைத்து, எண்ணெய் ஊட்டியது. 1969-இல் கலிஃபோர்னியாவில் வடிகட்டி செய்யத் தொடங்கிய கே அண்ட் என் என்ற நிறுவனம் இதைப் பிரபலமாக்கியது. இவை தவிர, வெறும் எஃகு வலையாலான வடிகட்டிகளும் சில இடங்களில் விற்கின்றன. வெளிச்சத்தில் பிடித்தால் துளைகள் கண்ணுக்கே தெரிகின்றன என்றால், அந்த வலையைப் புழுதி ஊரில் நினைக்கவே வேண்டாம்.

நல்ல காகித வடிகட்டி, சோதனைத் தூசியில் 99 சதவீதத்துக்கு மேல் பிடித்துவிடும். எண்ணெய்ப் பருத்தி பொதுவாக 96 முதல் 99 சதவீதம். “97-க்கும் 99-க்கும் என்ன பெரிய வித்தியாசம்? பரீட்சையில் இரண்டு மார்க்தானே!” என்பார் அண்ணன். இங்கேதான் நீங்கள் அவரை நிறுத்த வேண்டும். எஞ்சின் பார்ப்பது பிடிபட்டதை அல்ல, தப்பி வந்ததை. 99 என்றால் தப்புவது 1. 97 என்றால் தப்புவது 3. மூன்று மடங்கு!

நம் 2 கிராம் கணக்கில் போட்டுப் பாருங்கள். முதலாவதில் ஆண்டுக்கு 20 மில்லிகிராமும் இரண்டாவதில் 60 மில்லிகிராமும் உள்ளே போகும். எல்லாத் துகளும் 10 மைக்ரான் உருண்டை என்று வைத்துக்கொண்டால், முதலாவது கிட்டத்தட்ட ஒன்றரைக் கோடித் துகள்கள்; இரண்டாவது நான்கு கோடிக்கும் மேல்.

காகிதத்தில் ஒரு வேடிக்கையும் உண்டு. புதிதாக இருக்கும்போது பிடிப்பதைவிட, சிறிது தூசி படிந்த பிறகு அது நன்றாகப் பிடிக்கிறது. படிந்த தூசியே மேலும் நுண்ணிய வடிகட்டியாகி விடுவதே காரணம். ஆகவே வாரம் ஒருமுறை எடுத்துத் தட்டுவது வண்டிக்குச் செய்யும் நன்மை அல்ல. நாளடைவில் தூசி அதிகமாகிக் காற்றை அடைத்துவிடும். அப்போது மாற்ற வேண்டும். அதுதான் காகிதத்தின் குறை.

டிபன் கேரியர் கணக்கு

“சரி, வேகம் கூடுமே?” என்கிறார் அண்ணன். அதையும் விட வேண்டாம்.

எஞ்சின் காற்றை உறிஞ்சுவதாகச் சொல்கிறோம். உண்மையில் வெளியே உள்ள வளிமண்டல அழுத்தம்தான் காற்றை உள்ளே தள்ளுகிறது. அந்த அழுத்தம் 10.3 மீட்டர் உயரத் தண்ணீரைத் தாங்கக்கூடியது. அதாவது 1,030 செ.மீ. வடிகட்டி வழியில் நின்று இதில் சிறிது பறித்துக்கொள்கிறது. பருத்தி வடிகட்டி பறிப்பதைவிடக் காகித வடிகட்டி 10 செ.மீ. அதிகம் பறிக்கிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். 1,030-இல் 10 என்பது 1 சதவீதம். உள்ளே போகும் காற்று 1 சதவீதம் கூடினால் திறனும் ஏறக்குறைய 1 சதவீதம் கூடும். 8 குதிரைத்திறன் எஞ்சினில் 0.08 குதிரைத்திறன்.

அண்ணனும் வண்டியும் சேர்ந்து 180 கிலோ என்றால் அதில் 1 சதவீதம் 1.8 கிலோ. மதியச் சாப்பாட்டு டிபன் கேரியரை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனால் வண்டிக்கு இதே சுறுசுறுப்பு கிடைத்துவிடும்!

அதுவும் எப்போது? ஆக்சிலேட்டரை முழுவதும் முறுக்கியிருக்கும்போது மட்டும். விருத்தாசலம் கடைத்தெருவில் பாதிகூட முறுக்க முடியாது. அந்த நேரத்தில் காற்றின் வழியை அடைப்பது வடிகட்டி அல்ல. கார்புரேட்டரில் பாதி மூடி நிற்கும் வால்வுதான். வழியில் ஒரு கதவு பாதி மூடியிருக்கும்போது இன்னொரு கதவைப் பெரிதாக்கி என்ன பயன்? ஆனால் புது வடிகட்டி போட்டால் காற்று போகும் சத்தம் மாறும். சத்தம் கூடினால் வேகமும் கூடியதாகக் காதுக்குத் தோன்றும். இதற்கு அண்ணன் மட்டும் விதிவிலக்கா?

கார்புரேட்டர் உள்ள பழைய வண்டியில் இன்னொரு தொல்லையும் உண்டு. காற்று கூடினால் அதற்கேற்பப் பெட்ரோலைக் கூட்டிக்கொள்ள அதற்குத் தெரியாது. கலவை மெலிந்து எஞ்சின் சூடேறலாம். அதன் ஜெட்டை மாற்ற நேரிடும். மாறாக, வடிகட்டி அடைத்துக்கொண்டால் கலவை செழித்து, கரும்புகை வரும், மைலேஜ் குறையும். 2020 ஏப்ரல் முதல் விற்பனைக்கு வந்த பி.எஸ். 6 வண்டிகளில் பெரும்பாலானவை பெட்ரோலை ஊசிமுனை வழியாகத் தெளிப்பவை. உணர்கருவிகள் காற்றின் அளவை அறிந்து பெட்ரோலைச் சரிசெய்கின்றன. அதனால் இவற்றில் வடிகட்டி அடைத்திருப்பது மைலேஜில் சட்டென்று தெரியாது; இழுவைதான் குறையும்.

கழுவத் தெரிந்தவருக்கே

கழுவி மறுபடி பயன்படுத்தலாம் என்பது உண்மை. கழுவுபவர் யார் என்பதுதான் கேள்வி. நுரை வடிகட்டியைச் சோப்பு நீரில் அமுக்கி அமுக்கிக் கழுவ வேண்டும்; துணியைப் பிழிவதுபோல முறுக்கினால் கிழிந்துவிடும். பெட்ரோலில் கழுவுவது தீயோடு விளையாடுவது. நிழலில் நன்கு காய்ந்த பிறகு அதற்குரிய எண்ணெயில் தோய்த்து, அதிகப்படியை அமுக்கி எடுக்க வேண்டும். பருத்தி வடிகட்டிக்குத் தனிக் கழுவுநீரும் தனி எண்ணெயும் உண்டு. தண்ணீரை உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, மெதுவாக விட வேண்டும். வெளியிலிருந்து பீய்ச்சினால் தூசி இன்னும் ஆழமாகப் போய்விடும். காய ஒரு நாள் ஆகலாம். பிறகு ஒவ்வொரு மடிப்பிலும் அளவாக எண்ணெய் விட்டு, துணி முழுவதும் நிறம் பரவும்வரை காத்திருக்க வேண்டும். எண்ணெய் குறைந்தால் தூசி ஒட்டாது. கூடினால் எண்ணெயே எஞ்சினுக்குள் போகும். ஈரத்தோடு மாட்டினாலும் கெடும்.

பந்தயக்காரர்கள் இதைச் செய்கிறார்கள். ஓட்டம் முடிந்ததும் வடிகட்டியைக் கழுவ ஆள் இருக்கிறார். அவர்கள் எஞ்சினையும் அடிக்கடி பிரித்துத் தேய்ந்த பாகங்களை மாற்றிவிடுகிறார்கள். 0.08 குதிரைத்திறன்கூட அவர்களுக்கு வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கும். அண்ணனின் வண்டியோ பத்து ஆண்டு ஓட வேண்டும். எஞ்சினைப் பிரிக்காமல் ஓட வேண்டும்.

ஆகவே என் தீர்ப்பு இது. பீங்கான் பட்டறைக்கும் புழுதிச் சாலைக்கும் போகிற வண்டிக்கு, தயாரிப்பாளர் சொன்ன காகித வடிகட்டியே நல்லது. கையேட்டில் மாற்ற வேண்டிய கிலோமீட்டர் குறிக்கப்பட்டிருக்கும். ‘தூசி மிகுந்த இடங்களில் இதற்கு முன்பே மாற்றவும்’ என்ற வரியும் அருகில் இருக்கும். அந்த வரி அண்ணனுக்காகவே எழுதப்பட்டது. எண்ணெய் ஊட்டிய காகிதமானால் ஊதவும் கூடாது, கழுவவும் கூடாது, மாற்றத்தான் வேண்டும். கழுவும் வகைதான் வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்தால், அந்த வண்டிக்கென்றே செய்த நல்ல நுரை வடிகட்டி இருக்கிறதா என்று பார்க்கலாம். அது தடிமனாக இருப்பதால் தூசியை ஆழம் முழுவதும் ஏந்திக்கொள்ளும். மண் தரையில் ஓடும் பந்தய வண்டிகளில் பெரும்பாலும் நுரைதான். ஆனால் சோம்பல் இல்லாமல் கழுவ வேண்டும். பருத்தி வடிகட்டி, தார்ச்சாலையிலேயே நெடுந்தூரம் போகிறவருக்கும் அதன் பராமரிப்பை ஒரு பொழுதுபோக்காகவே விரும்புகிறவருக்கும் ஏற்றது. அதைக் கெட்ட பொருள் என்று சொல்ல மாட்டேன். இந்த ஊருக்கும் இந்த வேலைக்கும் அது பொருத்தமில்லை.

அண்ணனின் மூக்கு

வடிகட்டியைப் பற்றி இவ்வளவு கவலைப்பட்ட அண்ணன், பட்டறைக்குள் போனதும் என்ன செய்கிறார்? கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு வேலை செய்கிறாரா, அதுவும் இல்லையா? கேளுங்கள். எஞ்சினை வருத்துவது 5 மைக்ரானுக்கு மேற்பட்ட துகள். நுரையீரலை வருத்துவது அதற்குக் கீழ்ப்பட்டது. பெரியதை மூக்கு பிடித்துவிடும். 5 மைக்ரானுக்குக் குறைந்த குவார்ட்ஸ் தூசி காற்றோடு வளைந்து வளைந்து நுரையீரலின் கடைசிக் காற்றறைவரை போய்விடும். அங்கே படிந்து, ஆண்டுக்கணக்கில் திசுவைத் தழும்பாக்கும் நோய்க்கு சிலிகோசிஸ் என்று பெயர். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் இதை அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய்களில் ஒன்றாகப் பட்டியலிட்டிருந்தது. கைக்குட்டையின் இழைகளுக்கு இடையே இந்தத் துகள் தாராளமாக நுழையும். 0.3 மைக்ரான் அளவுத் துகள்களில் 95 சதவீதத்தையாவது தடுக்கும் என்95 வகை முகமூடி, அதுவும் முகத்தோடு இடைவெளி இல்லாமல் பொருந்துவது, வேண்டும். கல்லைத் தண்ணீரோடு சேர்த்து அரைப்பதும், தரையைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைப்பதும் தூசி எழும்பாமலே தடுக்கும். நுரையீரலுக்கு ரீபோர் கிடையாது.

செய்து பாருங்கள்

இரண்டு சிறு கண்ணாடித் தகடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் மட்டும் தேங்காய் எண்ணெயை மெல்லியதாகத் தடவுங்கள். இரண்டையும் சாலையோரச் சன்னலில் ஒரு நாள் செங்குத்தாக நிறுத்தி வையுங்கள். மறுநாள் கைலென்சால் பார்த்து, எதில் தூசி அதிகம் என்று எண்ணுங்கள். எண்ணெய் ஏன் தடவுகிறார்கள் என்பது விளங்கும்.

அடுத்து, தெருப் புழுதியைச் சிறிது தண்ணீரில் நனைத்து (உலர்ந்த தூசியைக் கிளப்ப வேண்டாம்), உதவாத கண்ணாடித் துண்டு ஒன்றின்மேல் வைத்து, தடித்த துணியால் அழுத்தித் தேயுங்கள். கழுவிவிட்டு வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். இன்னொரு துண்டில் சுத்தமான வெள்ளைக் களிமண்ணைக் கொண்டு இதையே செய்யுங்கள். எதில் கீறல் விழுந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். கண்ணாடியின் விளிம்பு கையைக் கிழிக்கும். பெரியவர் ஒருவர் உடன் இருக்கட்டும்.

மூன்றாவது சோதனையை அண்ணனோடு சேர்ந்து செய்யுங்கள். எந்த வடிகட்டியாக இருந்தாலும் அதன் விளிம்பு பெட்டியோடு சரியாகப் பொருந்தாவிட்டால், காற்று அந்தச் சந்து வழியாகவே வடிகட்டப்படாமல் உள்ளே போகும். எஞ்சினை நிறுத்திவிட்டு, திறந்த வெளியில், மூக்கை நன்கு மூடிக்கொண்டு வடிகட்டியை எடுங்கள். எஞ்சின் பக்கமாகப் போகும் ரப்பர்க் குழாயின் உள்சுவரைச் சுத்தமான வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணி வெள்ளையாகவே வந்தால் நல்லது. பழுப்பு நிறக் கோடு விழுந்தால், வடிகட்டியின் விளிம்பையும் குழாயின் இறுக்குப் பட்டையையும் அன்றே மெக்கானிக்கிடம் காட்டச் சொல்லுங்கள். புது வடிகட்டியைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகு இருக்கட்டும்.